ஊராட்சிக்கு வந்த இணையம் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை?

வட தமிழ்நாட்டில் மலையடிவார ஊராட்சி ஒன்றிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவருக்கு 36 வயது. கணவர் மினி வேன் ஓட்டுகிறார். இவர் தங்கள் குக்கிராமத்தில் ஜெராக்ஸ் கடையும் அதோடு சேர்ந்த இ-சேவை மையமும் நடத்துகிறார். மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். ஊராட்சி அலுவலகம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘அரசு இணையம்’ வந்ததாம். மின்கம்பங்கள் வழியாகக் கறுப்புக் கேபிள் இழுத்தார்கள், சேவை மையக் கட்டடத்தில் இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சில வாரங்கள் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அணைந்தது அணைந்ததுதான். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேல்நிலைத் தொட்டிப் பக்கம் கைப்பேசியோடு ஓடுகிறார் இவர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பாடக் காணொளி பார்ப்பதும் அங்கேதான்.

இதன்மேல் நான்கு சிக்கல்கள். ஒன்று, கொழுந்தனாரின் கணக்கு: தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்துக்கு 1,815 கோடி ரூபாய், ஊராட்சிகள் 12,525, வகுத்தால் ஓர் ஊராட்சிக்குப் பதினான்கரை லட்சம். “அந்தப் பணத்தைப் பழைய தலைவர் சாப்பிட்டுவிட்டார்” என்று கலெக்டருக்குப் புகார் எழுதி, எண்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று ஒருவர் சொல்லி, அதற்கு ஊரில் வசூல் தொடங்கவிருக்கிறது. மூன்று, அரசு முத்திரை அச்சிட்ட கடிதத்தோடு வந்த ஒருவர், 60,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினால் மூன்று ஊராட்சிகளுக்கான இணைய உரிமையை இவருக்கே தருவதாகச் சொல்கிறார். குழுக் கடனில் அதைக் கட்டலாமா என்று கேட்கிறார். நான்கு, அந்தக் கேபிள் மாமனாரின் வயலுக்கு மேலே தாழ்ந்து தொங்குகிறது. டிராக்டரில் ஒருமுறை மாட்டிக்கொண்டது. இழப்பீடு தராவிட்டால் வெட்டிவிடுவேன் என்கிறார் பெரியவர். “இணையம் எங்கள் அடிப்படை உரிமை இல்லையா? கேரளாவில் எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறார்களாமே?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் பேசுவதற்கு முன், மூன்று காரியங்களை இன்றே நிறுத்திவையுங்கள். அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேபிள்மேல் அரிவாள் வைக்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். கொழுந்தனார் எழுதிய புகாரை, இப்போதுள்ள வாசகத்தில், அனுப்பவிடாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் கொழுந்தனாரிடமிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அவருடைய கோபம் நியாயமானது, கணக்குத்தான் தவறு.

பதினான்கரை லட்சம்

அவர் சொல்லும் இரண்டு எண்களும் சரி. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிளில் இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் இரண்டாம் கட்டம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1,815 கோடி ரூபாய் மதிப்பில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கென்று திட்டமிடப்பட்டது. வகுத்தல் கணக்கும் சரி. ஆனால் அந்தப் பதினான்கரை லட்சம் எந்த ஊராட்சியின் வங்கிக் கணக்குக்கும் வந்ததில்லை. வருவதாகத் திட்டமும் இல்லை. மாநிலத்தை நான்கு தொகுப்புகளாகப் பிரித்து, பணியைப் பெரிய ஒப்பந்த நிறுவனங்களுக்கு விட்டார்கள். மேற்பார்வை, மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம், சுருக்கமாக டான்ஃபிநெட். கேபிள், கம்பத்தில் கட்டும் கூலி, தாலுகா அளவிலான கருவிகள், பராமரிப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். மலையோர ஊராட்சிக்குச் சராசரியைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கலாம், நெடுஞ்சாலையோர ஊராட்சிக்குக் குறைவாக. உங்கள் பழைய தலைவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பணத்தை அவர் தொட்டிருக்க வழியில்லை என்பது மட்டும் தெரியும். அவர் பெயரைப் போட்டு, “சாப்பிட்டுவிட்டார்” என்று எழுதி, எண்பது கையெழுத்தோடு ஊரெல்லாம் சுற்றுக்கு விட்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்குக்கு நீங்களே இடம் கொடுத்தவர்களாவீர்கள். பெட்டி ஏன் எரியவில்லை என்ற கேள்வி அங்கேயே காணாமல் போகும். ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை, வசதி எட்டாத பகுதிகளுக்காக 2002 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். அனைவருக்கும் சேவை அளிக்கும் கடப்பாட்டு நிதி என்பது அதன் பழைய பெயர். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. நீங்கள் தொட்டியடியில் நின்று செலவழிக்கும் ரீசார்ஜ் பணத்திலும் ஒரு பங்கு அங்கே போகிறது. ஆகவே கேள்வி கேட்க உங்களுக்கு முழுத் தகுதி உண்டு. கேள்வியை யாரிடம், எந்த வாசகத்தில் கேட்பது என்பதில்தான் தவறிவிட்டீர்கள்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். ‘நம் ஊருக்கு இணையம் வந்துவிட்டது’ என்று அறிவித்ததும், வீட்டுக்கு வரும் என்று நினைத்தீர்கள். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய கண்ணாடி இழை வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தபோதே அதன் எல்லை ஊராட்சி அலுவலகம்வரைதான். 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது, எல்லை மாறவில்லை. ஊராட்சியிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் கேபிள் டிவிக்காரர்களும் தனியார் நிறுவனங்களும் கொண்டுபோவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நாற்பது வீடு உள்ள குக்கிராமத்துக்கு நான்கு கிலோமீட்டர் கேபிள் இழுக்க எந்த வியாபாரி வருவான்? அதை யோசிக்காமல் போட்ட திட்டம் என்றுதான் நான் சொல்வேன். அலுவலகக் கணக்கில் ஊராட்சிக்கு ஃபைபர் போய், கருவி பொருத்திவிட்டால் ‘சேவைக்குத் தயார்’ என்று எழுதிவிடலாம். அந்தப் பட்டியலில் உங்கள் ஊராட்சி வெற்றிகரமாக முடிந்த பணியாகவே இருக்கக்கூடும்.

டெல்லியிலும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது மூன்று விஷயங்களைச் சேர்த்தார்கள். முதலாவது, வளைய அமைப்பு. பழைய முறையில் கேபிள் ஒரே கோடாகப் போகும். வழியில் எங்கோ ஒரு லாரி அறுத்துவிட்டால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் எல்லாம் இருண்டுபோகும். வளையத்தில் மறுபக்கத்திலிருந்து சமிக்ஞை வந்துசேரும். இரண்டாவது, பராமரிப்புக்கெனத் தனியாகப் பணம். மூன்றாவது உங்களுக்கு முக்கியமானது: ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களுக்கும், தேவை எழும் இடங்களில், இணைப்பு. ‘தேவை எழும் இடங்களில்’ என்ற மூன்று சொற்களை நினைவில் வையுங்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 3.8 லட்சம் கிராமங்கள் இந்த வரிசையில் நிற்கின்றன. தேவையை எழுத்தில் பதிவு செய்த கிராமமும், தேநீர்க் கடையில் புலம்பிய கிராமமும் அந்த வரிசையில் ஒரே இடத்தில் நிற்கப் போவதில்லை.

உரிமைதான், ஆனால் எதற்கு உரிமை?

இணையம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் எந்த வழக்கில், எதற்காகச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. அது கல்லூரி விடுதியில் மாணவிகள் கைப்பேசி பயன்படுத்தத் தடை விதித்ததை எதிர்த்த வழக்கு. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் வழக்கில், இணையம் வழியாகக் கருத்துச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உடையவை என்றது. அது காஷ்மீரில் இணையத்தை முடக்கியதைப் பற்றியது. இரண்டிலும் கேள்வி, இருக்கும் இணையத்தைப் பறிக்கலாமா என்பது. இல்லாத இடத்துக்கு அரசு இழுத்துத் தந்தே ஆக வேண்டுமா என்பதல்ல.

உங்களுக்குச் சற்று நெருங்கி வருவது 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய பிரக்யா பிரசூன் தீர்ப்பு. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் வங்கிகளின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில், கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதால் தவித்ததை எதிர்த்த வழக்கு. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், கிராமப்புற மக்களும் விலக்கப்பட்டுக் கிடக்கிறார்கள் என்பதையும் கவனத்தில் கொண்டது. மனுவில் மேற்கோள் காட்ட நல்ல தீர்ப்பு. ஆனாலும் ‘இன்ன ஊரின் இன்ன தெருவுக்கு இந்தத் தேதிக்குள் கேபிள் இழு’ என்று உத்தரவிட அது மட்டும் போதாது.

கேரளாவைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கேஃபோன் என்ற அரசு வலையமைப்பு 2023 ஜூனில் தொடங்கியது. இலவச இணைப்பு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு. இலக்கு 20 லட்சம் குடும்பங்கள். முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். அது அந்த மாநிலத்தின் கொள்கை முடிவு. அதைக் காட்டி இங்கே வழக்காட முடியாது.

அப்படியானால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் ரிட் மனு போடவே கூடாதா? போடலாம், இப்போது வேண்டாம். ஏற்கெனவே எழுத்தில் மனுக் கொடுத்து, அதிகாரி பதில் தராமல் இருந்தால்தான் ‘கடமையைச் செய் என உத்தரவிடுங்கள்’ என்று கேட்க அடிப்படை உண்டாகும். உங்கள் ஊரிலிருந்து இதுவரை ஒரு மனுகூடப் போகவில்லை. இன்றைக்கு வழக்குப் போட்டால், ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவுதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பரிசீலனையை வழக்கறிஞர் கட்டணம் இல்லாமலேயே கேட்டுப் பெறலாம். வசூலை நிறுத்துங்கள். என்னைப் போன்ற வழக்கறிஞர் நண்பர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை.

அறுபதாயிரம் ரூபாய்

நீங்கள் அனுப்பிய கடித நகலைப் பார்த்தேன். மேலே முத்திரை இருக்கிறது. கோப்பு எண் இல்லை, அலுவலக முகவரி இல்லை, கையெழுத்திட்டவரின் பதவி இல்லை. பணத்தைத் தனிநபர் பெயரிலுள்ள கணக்குக்கு யூபிஐயில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. இந்த ஒன்றே போதும். அரசு நிறுவனம் முகவர்களை நியமித்தால் பொது அறிவிப்பு வரும். விண்ணப்பம், ஒப்பந்தம், நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கு, ரசீது எல்லாம் இருக்கும். ‘மூன்று ஊராட்சிகளுக்கு நீங்கள் மட்டும்தான்’ என்ற ஆசைவார்த்தையும் சந்தேகத்துக்குரியது. டிஜிட்டல் பாரத் நிதியைப் பெற்று அமைக்கும் வலையமைப்பை, பாகுபாடு இல்லாமல் மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் வெளிவந்த விதிகள் சொல்கின்றன. பொதுப் பணத்தில் போட்ட கம்பியைத் தனி ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பது அதற்கு நேர் எதிர்.

அவர் உங்கள் தெருவில் வீட்டுக்கு 1,500 ரூபாய் முன்பணம் வாங்கத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் யார் கொடுத்தார்கள் என்று பட்டியல் எடுத்து, அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஏமாற்றுதல், அதே நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. யூபிஐயில் அனுப்பியவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்த உதவி எண்ணில் நேரம்தான் பணம். தாமதித்தால் தொகை வேறு வேறு கணக்குகளுக்கு மாறிவிடும். அவர் உண்மையிலேயே உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஆள் என்றால் காவல் நிலையத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும், யாருக்கும் நட்டமில்லை.

இனி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். இணையச் சேவையைத் தொழிலாக நடத்த நினைப்பது நல்ல யோசனைதான். இணையத்தைச் சொந்தமாக விற்க உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தின் முகவராக இருப்பதற்கு உரிமம் தேவையில்லை. பாரத்நெட்டில் உள்ளூர்த் தொழில்முனைவோரைச் சேர்க்கும் முறை ஒன்றை பிஎஸ்என்எல் நடத்தியது. வருமானத்தில் பாதி முகவருக்கு. வீட்டுத் திட்டம் மாதம் 399 ரூபாயிலிருந்து தொடங்கியது. அந்த அளவிலேயே உங்கள் நாற்பது வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள். எல்லாரும் சேர்ந்து, எல்லாரும் மாதாமாதம் தவறாமல் கட்டினால் 15,960 ரூபாய். உங்கள் பங்கு 7,980. கேபிள் அறுந்தால் ஒட்டவைக்கும் ஆளுக்குக் கூலி, மின்சாரம், கட்டாத வீடுகள் எல்லாம் அதில்தான் கழியும். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தப் பெட்டி உயிர்பெறாதவரை அந்த வருமானம்கூட வராது. இந்த நிலையில் குழுக் கடன் எடுப்பது சரியல்ல. வங்கி இணைப்புக் கடனில் நீங்கள் ஒரு தவணை தவறினால் மற்ற உறுப்பினர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஆபத்தில் அவர்களையும் இழுத்துவிட வேண்டாம். எந்த முகவர் ஒப்பந்தம் வந்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்: ஊராட்சியிலிருந்து உங்கள் தெருவரை நான்கு கிலோமீட்டர் கேபிள் யார் செலவு? மேலிடத்தில் இணைப்பு அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள்? வைப்புத்தொகை எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பும்?

சின்னதாகத் தொடங்க ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி திட்டத்தில், கடைக்காரர் தன் கடையிலுள்ள இணைப்பை வைஃபையாகப் பொதுமக்களுக்கு விற்கலாம். உரிமமும் கட்டணமும் கிடையாது. பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றின் கீழ் சேர்ந்தால் போதும். முன்பு நிறுவனங்கள் இப்படிப்பட்ட கடைகளிடம் பெருந்தொகை கேட்டன. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உச்சவரம்பு வைத்தது: 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான வீட்டு இணைப்புக்கு வாங்கும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. உங்கள் கடைக்கு ஒரு கம்பி இணைப்பு வந்துவிட்டால், மையத்துக்கும் ஆகும், தெருப் பிள்ளைகளுக்கும் ஆகும், இழப்பும் சிறிது. அதுவரை மகளுக்காகத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவைக்க முடிந்தால் பத்துப் பிள்ளைகளாவது தொட்டியடிக்குப் போக வேண்டியிருக்காது.

மாமனாரின் வயல்

பெரியவரின் கோபத்தில் பாதி சட்டப்படி சரி. தமிழ்நாட்டில் இந்தக் கேபிளின் பெரும்பகுதி, 85 சதவீதம் அளவுக்கு, மின்கம்பங்கள் வழியாகத்தான் போகிறது. கேபிள் போனதால் நிலம் யாருக்கும் சொந்தமாகிவிடாது. பழைய 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவும் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே கொடுத்தது. சேதம் ஏற்பட்டால் முழு இழப்பீடு தரவும் சொன்னது. புதிய 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் நில உரிமை உடையவரிடமே இருக்கிறது. பட்டாவில் எந்த மாற்றமும் வராது என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அவருடைய உண்மையான பயம் அதுவாக இருக்கலாம். ஆனால் இழப்பீடு என்பது சேதத்துக்குத்தான். வயலுக்கு மேலே ஒரு கம்பி தொங்குவதற்கு மாத வாடகை கிடைக்கும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது வெறும் கதை.

வெட்டினால் என்ன ஆகும்? 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தொலைத்தொடர்பு வலையமைப்பைச் சேதப்படுத்துவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதோடு இழப்பீடும் என்கிறது. ஒரு விவசாயிக்கு அத்தனையையும் விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைவதே போதுமான தண்டனை. இன்னொன்று: தாமிரம் என்று நினைத்து இந்தக் கேபிளை அறுத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பழைய இரும்புக் கடையில் ஒரு காசு தேறாது. கலெக்டர் அலுவலகங்கள் இதைச் செய்திக்குறிப்பாகவே வெளியிட்டிருக்கின்றன.

தாழ்ந்து தொங்குவது உண்மையான ஆபத்து. மின்கம்பத்தில் கட்டியிருக்கும் கேபிளை டிராக்டர் இழுத்தால் மின்கம்பியும் சேர்ந்து வரலாம். கம்ப எண்ணோடு புகைப்படம் எடுத்து, பிரிவு மின் அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு, டான்ஃபிநெட்டுக்கு ஒரு நகல். உயிர் ஆபத்து என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். டிராக்டர் மாட்டிய அன்று பயிருக்கோ வண்டிக்கோ சேதம் இருந்தால், பழுதுபார்த்த ரசீதையும் இணையுங்கள்.

யாருக்கு, என்ன எழுதுவது

முதலில் எளிய காரியம். ஊராட்சிச் செயலரோடு போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மின் இணைப்பு இருக்கிறதா, இன்வெர்ட்டர் வேலை செய்கிறதா, யாராவது பிளக்கைப் பிடுங்கி மின்விசிறிக்குப் போட்டிருக்கிறார்களா? சிரிக்காதீர்கள், கருவிகளுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்று ஊராட்சிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தும் அளவுக்கு இது நடக்கிறது. மின்சாரம் இருந்தும் எரியவில்லை என்றால் பழுது கேபிளிலோ கருவியிலோ. குற்றவாளி யார் என்று நான் இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது. 2025 ஜனவரியோடு தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் உங்கள் ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ‘பெட்டி இன்ன தேதியிலிருந்து இயங்கவில்லை, பழுதைப் பதிவு செய்து புகார் எண் தரவும்’ என்று அவருக்கு ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்புகை வாங்குங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, டான்ஃபிநெட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் பயப்பட வேண்டாம்; 6(3)ஆம் பிரிவின்படி, உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பதற்கு விளக்கம் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆவணங்களைக் கேளுங்கள்:

- எங்கள் ஊராட்சியில் கருவி நிறுவி இயக்கத்துக்குக் கொண்டுவந்த தேதி, அதற்கான சான்றின் நகல். இன்றைய பதிவேட்டில் அது எந்த நிலையில் காட்டப்பட்டுள்ளது.
- கடந்த 12 மாதங்களில் பதிவான பழுதுகள், சரிசெய்த தேதிகள்.
- பராமரிப்பு ஒப்பந்ததாரர் யார். எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனையின் நகல்.
- எங்கள் ஒன்றியத்தில் அங்கீகரிக்கப்பட்ட முகவர்களின் பட்டியல், அவர்களிடம் பெற்ற வைப்புத்தொகை.
- எங்கள் ஊராட்சியின் குக்கிராமங்களை இணைக்கும் திட்டம் எதுவும் இருந்தால் அதன் நகல்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் கொழுந்தனார் தேடும் ஆயுதம். ஒப்பந்தப்படி சரிசெய்யத் தவறியிருந்தால், பெயர் சொல்லித் திட்டாமலேயே ஆவணத்தை வைத்துக் கேட்கலாம்.

அந்த எண்பது கையெழுத்தையும் வீணாக்க வேண்டாம். புகாரைக் கிழித்துவிட்டு, அதே ஆட்களை வைத்துத் தேவைப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். வீட்டு எண், குடும்பத் தலைவர், படிக்கும் பிள்ளைகள், மாதம் எவ்வளவு கட்டத் தயார், கைப்பேசி எண். அங்கன்வாடி, ரேஷன் கடை, பள்ளி, பால் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றையும் சேருங்கள்; இந்த நான்கும் இணையம் இல்லாமல் எப்படித் தடுமாறுகின்றன என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெண்கள் திரளாகப் போங்கள், உங்கள் குழு அதற்குப் பயன்படட்டும். தீர்மான நகலும் பட்டியலும் கலெக்டருக்கும், டான்ஃபிநெட்டுக்கும், பிஎஸ்என்எல்லின் மாவட்ட அலுவலகத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் விரைவுத் தபாலில் போகட்டும். இந்தக் காகிதங்களுக்குப் பிறகும் நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால், அப்போது ரிட் மனுவைப் பற்றிப் பேசலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், பெண் என்ற முறையிலேயே உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

இணைப்பு வந்த பிறகு பயன்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கட்டி இணைப்பு வாங்கிவிட்டால் நீங்கள் நுகர்வோர். 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்ததை அகண்ட அலைவரிசை (பிராட்பேண்ட்) என்று அழைக்கவே முடியாது. வேகம் வரவில்லை, நாள் கணக்கில் அறுந்து கிடக்கிறது என்றால், நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறுகள் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று நிறுவனங்கள் வாதிடுவது வழக்கம். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வேகத்தைச் சோதித்த திரையைப் படமெடுத்து, தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். கொழுந்தனாரையும் உடன் வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கில் ஆர்வமுள்ள மனிதர், பழுதுத் தேதிகளைச் சரிபார்க்க அவர்தான் தகுந்தவர்.